சபையில் நான் சொன்ன பெயர்

பாப்பா,

நீ மதுரையிலிருந்து அனுப்பிய பார்சல் முந்தாநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. உன் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு கட்டு என்று நினைத்து, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பிரித்தால் என் முகம். அட்டை முழுக்க நான்தான், கையை நீட்டி யாரையோ அதட்டுகிற மாதிரி. ஆறு வருஷம் மாநிலங்களவையில் நான் பேசியதை எல்லாம் ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்துப் புத்தகமாக்கிவிட்டாய். இன்னும் மூன்று வாரத்தில் போடியில் நடக்கப்போகிற உன் கல்யாணத்தில், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக இதைப் போட்டுக் கொடுக்கப்போகிறாயாம். "தேங்காய்னா சட்னிக்காச்சும் ஆகும்" என்றார் உன் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நீ எழுதிய முன்னுரையைப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

முன்னுரையின் இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்: ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கும் போதும்பொண்ணு என்ற பெண்ணைப் பற்றி என் அம்மா அவையில் பேசினார், அதனால் அந்தப் பெண்ணின் வேலை போனது, அம்மா அவரைக் கைவிடாமல் எங்கள் தோட்டத்திலேயே ஆணுக்குச் சமமான கூலியில் வேலை கொடுத்தார், சமத்துவத்தைப் பேசியவர் மட்டுமல்ல, செய்தவர். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: முதல் பிரதியை மணமேடையில் போதும்பொண்ணு அத்தை வாங்க வேண்டும், அம்மா, நீயே நேரில் போய் அழைத்துவிடு என்று. நீ வக்கீல். சாட்சி இல்லாமல் எதையும் எழுதமாட்டாய். இதற்கு உன் சாட்சி நான்தான். நான் மேடைக்கு மேடை சொன்னதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறாய். பாப்பா, அது பொய். போதும்பொண்ணு நம் தோட்டத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "விடும்மா, அந்த வரியை எடுத்துர்றேன்" என்பாய். நானும் அப்பாடா என்று போனை வைத்துவிடுவேன். ஊரறியச் சொன்ன பொய்யை உன் காதுக்குள் சொல்லித் திருத்த முடியாது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் உன் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "எழுதிக்க. பேசுறதும் எழுதுறதும்தான ஒன் சோலி" என்றார். கோபமா, கிண்டலா என்று இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பதவி வந்த கதை உனக்குத் தெரியும். கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே நாற்காலிக்கு மல்லுக்கு நின்றார்கள். யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவர் முறுக்கிக்கொண்டு போய்விடுவார். தெற்கே ஒரு பொம்பளைக்குக் கொடுத்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், யாரும் வாய் திறக்கவும் முடியாது என்று யாரோ யோசனை சொல்ல, ஆசிரியர் சங்கத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த என் பெயர் எழுந்தது. நீ அப்போது சட்டக் கல்லூரி விடுதியில் இருந்தாய். செய்தி கேட்டுவிட்டு போனில் அழுதாய். நானும் அழுதேன். உன் அப்பா மட்டும், "அப்ப தோட்டத்தை இனிமே நான் ஒத்தையாளாப் பாக்கணுமா?" என்றார். அவர் கேட்டது அல்பமான கேள்வி என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பின்னால் நடந்தது எல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

போதும்பொண்ணை எனக்கு அவள் மகள் மூலமாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தது, கணக்கில் புலி. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு போதும்பொண்ணு ஒருத்தியாகத்தான் மலைக்கு ஏறி இறங்கி அதைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். முந்தல் ரோட்டில், அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில், விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியோடு நிற்பாள். ஜீப்பு வரும், ஏறிக்கொள்வாள். போடிமெட்டுக் கொண்டை ஊசிகளில் ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்து எழுந்து, கேரள எல்லையைத் தாண்டிப் போய் நாளெல்லாம் ஏலச் செடித் தூரில் குந்தவைத்துக் காய் எடுப்பாள். நான் எம்.பி. ஆனதும் என்னைப் பார்க்க வந்தவர்களில், ஒன்றும் கேட்காமல் போனவள் அவள் ஒருத்திதான். நானாகத்தான் கேட்டேன், தோட்டத்தில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று. "என்னத்தச் சொல்ல டீச்சர்" என்றாள். "ஆம்பளையாளுகளும் நாங்களும் ஒரே ஜீப்புலதான் போறோம், ஒரே ஜீப்புலதான் வர்றோம். கூலி மட்டும்தான் தனித்தனி ஜீப்புல வருது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.

அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் தொழிலாளர் சட்டத் திருத்தம் ஒன்று விவாதத்துக்கு வந்தது. எங்கள் சின்னக் கட்சிக்குக் கிடைத்தது சில நிமிஷம்தான். தமிழில் பேசுவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மொழிபெயர்க்க ஆள் போடுவார்கள். எழுதியதை நாலு தடவை கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். அவையில் ஒரு நடைமுறை உண்டு. அங்கே வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியாத வெளியாள்மேல் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது. நியாயமான நடைமுறைதான். அதை மதித்து, அவள் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையும் முதலாளியின் பெயரையும் நான் அடித்துவிட்டேன். அவள் பெயரை அடிக்கவில்லை. அவள்மேல் யாரும் குற்றம் சாட்டவில்லையே, அவளுக்கு என்ன பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். முதலாளிக்கு அந்தச் சபையில் ஒரு வேலி இருந்தது. அவளுக்கு இல்லை. வேலி இல்லாத இடத்தில் முதலில் கால் வைத்தவள் நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் எனக்குத் தேவைப்பட்டது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிமேல் பெண் வேண்டாம் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் அது. சமத்துவத்தைப் பற்றிப் பேசப்போகிறவளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? "அவைத் தலைவர் அவர்களே, என் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயர் போதும்பொண்ணு. பிறந்த அன்றே இந்த நாடு அவளிடம் போதும் என்று சொல்லிவிட்டது" என்று ஆரம்பித்தேன். அவள் ஊரையும் சேர்த்துச் சொன்னேன். அதுவரைக்கும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட காதில் கருவியை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். ஜீப்பு வாக்கியத்தைச் சொன்னதும் எதிர்வரிசையிலும் மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை, "உன் பெயரைச் சொல்லட்டுமா?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

தீபாவளிக்கு முன்னால் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் அந்தப் பேச்சைத் துண்டுப் பிரசுரமாக அடித்து, பஸ் ஸ்டாண்டிலும் ஏலக்காய் வியாபாரிகள் கூடுகிற இடத்திலும் கொடுத்தார்கள். பெருமைக்குத்தான் கொடுத்தார்கள், பாவம். அதைத் தோட்டத்துக்காரர்களும் படித்தார்கள். மலையில் ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்துவது எப்படி என்று நீ எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாய். நாளையிலிருந்து வராதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஏன் என்று ஒரு கேள்வி வரும், சங்கம் வரும், லேபர் ஆபீஸ் வரும். அதனால் ஒன்றுமே சொல்லமாட்டார்கள். மறுநாள் காலையில் அவள் நிற்கிற இடத்தில் ஜீப்பு நிற்காது. கை நீட்டினால் டிரைவர் மலையைப் பார்ப்பான். உள்ளே இருக்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவ்வளவுதான். யாரும் நிறுத்தவில்லை, யார்மேலும் வழக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். நான் ஊரில் இருந்தேன். "அஞ்சு நாளா ஜீப்பு நிக்கலை டீச்சர்" என்றாள். திட்டவில்லை. நான் பேசியதால்தான் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்சு ஏன் வரவில்லை என்று பஸ் ஸ்டாண்டில் விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். நமக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் தோட்டம் இருக்கிறது, அங்கே வேலைக்கு வா, ஆம்பளைக் கூலியே தரச் சொல்கிறேன் என்றேன். "நாளைக் காலையில நம்ம தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு ஒன் விலக்குல வந்து நிக்கும். நீ வந்து ஏறிக்க." அவள் உன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலமே நான் டெல்லிக்குக் கிளம்பிவிட்டேன். குளிர்காலக் கூட்டத்தொடரில் என் மசோதா காத்திருந்தது.

அந்த மசோதாவை உன் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் முழுசாகப் போட்டிருக்கிறாய். எல்லை தாண்டிப் போய்க் கூலிவேலை செய்யும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி, போகிற வருகிற நேரமும் வேலை நேரம், காரணம் சொல்லாமல் வேலையை நிறுத்தினால் தண்டனை. அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருகிற தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நேரம். ஊருக்கு விமானம் பிடிக்கிறவர்கள் எல்லாம் பிடித்துக் கிளம்பியபிறகு, பாதி நாற்காலிகளுக்கு முன்னால் எழுந்து நின்று அனுமதி கேட்டேன். அனுமதி கிடைத்தது. அறிமுகப்படுத்துகிறேன் என்றேன். ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் எந்த மசோதாவை விவாதிப்பது என்று சீட்டுப் போடுகிற குலுக்கலில் அதன் பெயர் வரவே இல்லை, விவாதத்துக்கும் வரவில்லை. அமைச்சருக்கு எழுதினேன், இது மாநிலங்கள் பார்க்க வேண்டியது என்று பதில் வந்தது. இரண்டு மாநிலங்களுக்கும் எழுதினேன். ஒரு மாநிலம், தோட்டம் எங்களுடையது, ஆள் எங்களுடையவர் அல்ல என்றது. இன்னொரு மாநிலம், ஆள் எங்களுடையவர், தோட்டம் எங்களுடையது அல்ல என்றது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மசோதாவும் காலாவதி ஆனது. கொண்டுவந்தவர் போனால் மசோதாவும் கூடவே போய்விடும், அதுதான் விதி. ஏட்டுச் சுரைக்காய் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்கு என் கையெழுத்துப் போட்ட சாட்சி அது.

இதற்கு நடுவில் தினமும் உன் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். காய் எடுப்பு எப்படி, மழை எப்படி, உலர்த்துகிற ஸ்டோரில் காய் காய்ந்ததா, உன் பரீட்சை என்னாச்சு, எல்லாம் கேட்டேன். போதும்பொண்ணு வேலைக்கு வருகிறாளா என்று மட்டும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை பாப்பா. பதில் தெரிந்ததால் கேட்கவில்லை. நம் பக்கத்துச் சரிவில் இருக்கிற எல்லாத் தோட்டங்களுக்கும் ஆள் அனுப்புகிறவன் ஒரே கங்காணி. ஐந்து ஏக்கர்க்காரனுக்குத் தனி ஜீப்பு கிடையாது. பெரிய தோட்டத்துக்காரன் வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்ணை நமக்காக அவன் ஏற்றிக்கொண்டு வருவானா? ஏற்றச் சொல்லி உன் அப்பா மல்லுக்கு நின்றால் நமக்கு ஆளே வராது, பழுத்த காய் செடியிலேயே வெடித்துப்போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நானும் அந்தத் தோட்டத்துச் சோற்றைத் தின்றவள்தானே.

இன்னொன்றும் தெரியும். அவளை ஆம்பளைக் கூலியில் சேர்த்தால், மற்றப் பெண்கள் சும்மா இருப்பார்களா? நம் தோட்டத்திலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலிதான். நான் அவையில் பேசிய அன்றைக்கும் அப்படித்தான், இதை எழுதுகிற இன்றைக்கும் அப்படித்தான். ஒரு தடவை உன் அப்பாவிடம் ஆரம்பித்தேன். "பக்கத்துத் தோட்டம் எல்லாம் ஒரு கூலி குடுக்கையில நான் மட்டும் ஒசத்திக் குடுத்தா, என்னை மலையில இருக்கவிடுவாங்களா? நீ சட்டம் கொண்டா, எல்லாரும் குடுக்கட்டும், அன்னைக்கு மொத ஆளா நானும் குடுக்கறேன்" என்றார். சரி, சட்டம் வரட்டும் என்று நான் அவரிடம் சொன்னேன், சட்டம் வரட்டும் என்று அவர் என்னிடம் சொன்னார். சட்டம் வரவில்லை. இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம்.

அவள் பெயரை அவைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு முயற்சி செய்தேன். செயலகத்தில் ஒரு மூத்த அதிகாரி, தங்கமான மனிதர், என் பேச்சை வரிவரியாகப் படித்துப் பார்த்தார். "இதில் அவைக்கு ஒவ்வாத சொல் ஒன்றுகூட இல்லையே அம்மா, அருமையான பேச்சு" என்றார். ஆறு வருஷத்தில் என் குரல் பதிவாக வேண்டும் என்று எத்தனை தடவை எழுந்து நின்று கத்தியிருக்கிறேன், மைக்கை அணைத்தபிறகும் கத்தியிருக்கிறேன். ஒரே ஒரு பெயர் பதிவாகாமல் போகட்டும் என்று கெஞ்சினபோது, அது முடியாது என்றார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீயும் அங்கிருந்துதான் எடுத்தாய்.

பொய் எப்படி வந்தது என்பதையும் கேட்டுக்கொள். ஓய்வு பெற்று வந்தபிறகு தேனியில் ஒரு பாராட்டுக் கூட்டம். அறிமுகம் செய்தவர், அந்தப் பெண்ணுக்குத் தன் தோட்டத்திலேயே வேலை கொடுத்தவர் நம் அம்மா என்று முழங்கினார். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வாக்கு எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. கைதட்டல் முடியட்டும், மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். கைதட்டல் முடிய ரொம்ப நேரம் ஆனது. அதற்குள் சால்வை போட்டுவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் அதையே சொன்னார். மூன்றாவது கூட்டத்தில் நானே சொன்னேன். அந்த மூன்றாவது கூட்டத்தில்தான் நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், கண் கலங்கியிருந்தது. கலங்கின உன் கண்ணைப் பார்த்தபிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் பின்கட்டில், தரையில் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் இருபது முப்பது பெண்கள். முடி நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறாள். "யாரு, டீச்சரா! வாங்க. ஒக்காருங்க, சேலையில தூசி ஒட்டும், பாத்து" என்றாள். பத்திரிகையை நீட்டினேன். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். "பாப்பாவுக்கா? நல்லாருக்கட்டும்." மகளைப் பற்றிக் கேட்டேன். அந்த வருஷமே படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாளாம், இன்னும் அங்கேதானாம். கணக்கில் புலி என்று சொன்னேனே, அந்தப் பிள்ளை. அவள் பிளஸ் டூ முடிக்காத அதே வருஷம்தான் நீ கறுப்புக் கோட்டு வாங்கப் போனாய், கடைத்தெருவில் எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாய்.

அவள் பெயர் இதில் வந்திருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தைக் காட்டினேன். அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "எம் பேரு இதுலதான் இருக்கா? எங்க?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தைப் பிரித்து, விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா டீச்சர்?" என்றாள். "இந்த ஒத்த வார்த்தைக்குத்தானா?"

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்குக் காலையில நம்ம ஜீப்பு வந்து நின்னுச்சா?"

"இல்லையே."

"எத்தனை நாள் நின்ன?"

"பொங்கல் வரைக்கும் நின்னேன்."

"ஏன் ஆத்தா எங்கிட்ட வந்து சொல்லல?"

"நீங்க டெல்லியில சோலியா இருப்பீக. சார்கிட்டச் சொன்னா, வீட்டுக்குள்ள ஒங்களுக்குச் சங்கடம் வந்துருமோன்னு இருந்துச்சு. டீச்சர் சொல்லியிருக்காக, இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு நிக்கும்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே கை காயைப் பிரித்துக்கொண்டிருந்தது. பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம்.

கார்த்திகையிலிருந்து பொங்கல் வரைக்கும் பாப்பா. மார்கழிப் பனியில், தூக்குவாளியில் சோற்றோடு. ஜீப்புகள் வரிசையாக அவளைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் அந்தச் சோற்றைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். என்மேல் வைத்த நம்பிக்கைதான் அவளை அங்கே நிறுத்தியது. பெரிய தோட்டத்து ஜீப்புக்காக அவள் வீணாக நின்றது ஐந்து நாள்தான். நான்தான் அவளைப் பொங்கல் வரைக்கும் நிறுத்திவைத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கேட்டேன், அன்றைக்கு ஜீப்பை நிறுத்தச் சொல்லவில்லையா என்று. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மொத நாள் சொன்னேன். கங்காணி மாட்டேன்னான். அதோட விட்டுட்டேன். ஒனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். அவர் மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அவரை இதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. அவர் எந்த மேடையிலும் ஏறிச் சமத்துவம் பேசவில்லை, சால்வை வாங்கவும் இல்லை.

கல்யாணம் ஆகப்போகிற மகளுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்காமல் விட்டால் குடும்பம் சத்தமில்லாமல் ஓடும். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம், ஊரில் எங்களை நல்ல ஜோடி என்றுதான் சொல்கிறார்கள். நீ கேட்டுவிடு. மாப்பிள்ளையிடமும் கேள், உன்னிடமும் கேள். வீடு இரைச்சலாக இருந்தாலும் இருக்கட்டும். நீ கேட்பதால் ஏதாவது மாறும் என்று நான் சொல்லவில்லை. மாறும் என்று எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. காலையில் முந்தல் ரோட்டுக்குப் போய்ப் பார், அதே ஜீப்பு, அதே கூட்டம், அதே இரண்டு கூலி. நான் பேசிய ஆறு வருஷத்தை அந்த ரோட்டிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு கல்கூட அசைந்திருக்காது. ஒருத்தி மட்டும் அந்த விலக்கில் நின்றிருப்பாள், ஜீப்பும் நின்றிருக்கும்.

புத்தகத்தை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். கொடுப்பதானால் உன் முன்னுரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு. மனசு வரவில்லை என்றால் தேங்காயே கொடு, உன் அப்பா சொன்ன மாதிரி சட்னிக்காவது ஆகும். ஆனால் அவளை மேடைக்குக் கூப்பிடாதே. இன்னொரு சபையில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்க நம் குடும்பத்துக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தில் மட்டும் அவள் பெயரை எழுதலாமா என்று கேட்பாய். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடட்டுமா என்று நேற்றே கேட்டேன். "போட்டுக்கங்க டீச்சர்" என்றாள். "இனிமே நிக்காமப் போறதுக்கு எந்த ஜீப்பு இருக்கு?"

கிளம்பும்போது, கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றேன். வருகிறேன் என்றாள். பழக்க தோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "காலையில ஒன் விலக்குக்கு வண்டி அனுப்பறேன், ஏறிக்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. காய் பிரித்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, என் மனம் நோகக்கூடாது என்பது போல மெல்லச் சொன்னாள்.

"வண்டியெல்லாம் வேணாம் டீச்சர். நான் பஸ்சுல வந்துக்கறேன்."

அவள் வர வேண்டும் என்று நீ ஆசைப்படுவாய். வந்தால் மாப்பிள்ளையோடு போய் அவள் காலில் விழுந்து கும்பிடு. நானும் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பேன், போடி பஸ்சு ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். எல்லாரும் நான் அவளுக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். நீயாவது தெரிந்துகொள், அவள் இறங்கிவிடக் கூடாதே என்றுதான் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா